சிவப்பு வந்தால் அனுமதி

டன்டினோங், மெல்பேர்ண்
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி கொட்பிறிக்கு,

‘அன்புள்ள’ என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து தரம் போன் எடுத்தேன், நீ பதில் சொல்லவில்லை. மெசேஜ் போடலாம்தான். ஆனால் இப்போது எந்தத் திரையைத் தொடவும் கை கூசுகிறது. தாளை ஒருவனும் பூட்ட முடியாது. தபாற்காரன் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டால் நீ வாசித்துத்தான் ஆக வேண்டும்.

நீ வந்து போய் மூன்று கிழமை. சிட்னியிலிருந்து பத்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்தாய். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கணினிக்கு முன்னால் இருந்தாய். அரை மணித்தியாலம் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தாய். பிறகு, “எல்லாம் பூட்டுப்பட்டுப் போச்சு அக்கா. காசு கேட்டு ஒரு கும்பல் பூட்டியிருக்கு. குடுத்தாலும் திறப்பாங்கள் எண்டில்லை. ஒண்டும் செய்யேலாது. நான் முழுக்கத் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறன்” என்றாய். நான் குசினிக்குள் மீன்குழம்பு வைத்துக்கொண்டு நின்றேன். குழம்பும் சோறும் மேசைக்கு வர, நீ துடைத்து முடித்துவிட்டாய். “வேலை இருக்கு அக்கா, போட்டு வாறன்” என்று படியிறங்கினாய். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நீ என் வீட்டில் சாப்பிடாமல் போனது அன்றைக்குத்தான்.

அதற்குள் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன். தகப்பன் இல்லாத பிள்ளையை ஐந்து வயதில் பேசாலையில் தங்கச்சி ஜெசிக்காவிடம் விட்டுவிட்டுப் படகு ஏறினவள் நான். ஒரு வருடத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன். இந்தத் தற்காலிக விசாவோடு அவனைக் கூப்பிடவும் முடியாது, நான் போனால் திரும்பி வரவும் முடியாது. ஞாயிறு பூசை முடிந்து வந்து அந்தத் திரைக்கு முன்னால் இருந்துதான் டினேஷை வளர்த்தேன். முன்பல் விழுந்த கிழமை, தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த அன்று வெள்ளைச் சேர்ட்டோடு வந்து நின்றது, குரல் உடைந்து வெட்கப்பட்டது, எல்லாம் பதிந்து வைத்திருந்தேன். பதியக் காட்டித் தந்தவனும் நீதான். பதினொரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் தம்பி. ஐந்து வயதுவரை பிள்ளையைக் கையால் தொட்டேன், மிச்சம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

நான் கேட்டேனா இல்லையா? கேரம் டவுன்ஸ் கோயில் மண்டபத்தில் கல்யாணி அன்ரி வீட்டு விசேஷம் நடந்த அன்று, அவவின் மகன் காசு கட்டி அன்ரிவைரஸ் போட்டிருக்கிறான், நாங்களும் போடுவோமா என்று கேட்டேன். நாலு பேருக்கு முன்னால் சிரித்தாய். “கொம்பியூட்டரோட வாறதே காணும் அக்கா. காசைக் கொண்டுபோய்க் கடலுக்க கொட்டாதேங்கோ” என்றாய். அந்தக் காசு மிச்சம். பிள்ளைதான் போய்விட்டான்.

நான் ஒன்றையும் அழுத்தவில்லை. தெரியாத எதையும் திறக்கவில்லை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அக்கா,
அன்னமலர்

—

டூங்கபி, சிட்னி
20 மார்ச் 2025

அன்பின் அக்கா,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை கூட, அதனால்தான் போன் எடுக்கவில்லை என்று எழுதத் தொடங்கினேன். அது சரியில்லை. வேலை எப்போதும் போலத்தான். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் எடுக்கவில்லை.

நீங்கள் எழுதியது சரி. கணினியோடு வருகிற அன்ரிவைரஸ் போதும் என்று சொன்னது நான்தான். அது போதவில்லை. இப்போது நாளுக்கொரு வைரஸ் செய்கிறார்கள், அதன் கண்ணில் படாமல் ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது. உங்களில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சனியனை நம்பினது என் பிழை.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. காசு கட்டி எடுக்கிற நல்ல அன்ரிவைரஸ், மூன்று வருடத்துக்கு. உள்ளே ஒரு அட்டை இருக்கும், பின்னால் இலக்கம். கல்யாணி அன்ரியின் மகனிடம் கொடுங்கள், போட்டுத் தருவான்.

சாப்பிடாமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும். வரும் வழியில் அல்பரியில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சேர்ட்டில் உங்கள் குழம்பு மணத்தது.

டினேஷிடம் சொல்லிவிட்டீர்களா?

கொட்பிறி

—

டன்டினோங்
6 ஏப்ரல் 2025

தம்பி கொட்பிறிக்கு,

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். செத்த வீட்டுக்கு மருந்து எதற்கு?

இங்கே என் கதை ஊர்க் கதையாகிவிட்டது. “அதோட வாறதை நம்பாதேங்கோ, அன்னமலருக்கு நடந்ததைப் பாருங்கோ” என்று கல்யாணி அன்ரி ஆளுக்காள் போன் எடுத்துச் சொல்கிறா. நாலு வீட்டில் காசு கட்டி வேறு போட்டுவிட்டார்கள். தேவாலயத்திலும் கேட்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். ஆட்டும்போது கழுத்துக்குள் என்னவோ செய்கிறது, வயது போகிறது போல.

டினேஷிடம் சொன்னேன். “பரவாயில்லை அம்மா, வீடியோதானே” என்றான். அவனுக்கு அது வீடியோ. பெப்ரவரியில் பதினெட்டு முடிந்துவிட்டது, மீசையை வழித்துக்கொண்டு நிற்கிறான், சின்ன வயது முகத்தை வைத்து அவன் என்ன செய்யப் போகிறான்? அன்று அவனோடு கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

உன்னோடும் ஒரு கோபம் இருக்கிறது, அது இந்தக் கணினிக்கு முந்தியது. ஒரே படகில் வந்தோம். பத்தொன்பது நாள் ஒரே தண்ணிப் போத்தலில் குடித்தோம். கூடப் பிறக்காத தம்பி என்று உன்னை அன்றைக்குத்தான் எடுத்துக்கொண்டேன். உனக்கு நிரந்தர விசா கிடைத்தது, எனக்கு இல்லை. அதற்கு நீ என்ன செய்வாய்? ஆனால் போன வருடத்துக்கு முந்தின வருடம் நீ மன்னாருக்குப் போய், பேசாலைக்கும் போய், என் பிள்ளையைத் தோளில் தட்டிவிட்டு வந்தாய். “என்னை விட உயரம் அக்கா” என்றாய். எனக்கு அவன் எப்போதும் நெஞ்சுவரைதான். திரையில் அவ்வளவுதான் தெரியும். அன்று உன்னிடம் சிரித்துவிட்டு, நீ போன பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு நான் குசினி வாசலில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாய். மேலும் கீழும் உருட்டி வாசித்தாய். உன் முகம் மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாகத் துடைக்கத் தொடங்கினாய். அங்கே என்ன கண்டாய்?

அன்னமலர்

—

டூங்கபி
11 மே 2025

அன்பின் அக்கா,

இன்றைக்கு அன்னையர் தினம். டினேஷ் போன் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து, இது நாலாவது தாள். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிட்கமில் நான் கணினி திருத்துகிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதோடு வருவது போதுமா, காசு கட்டிப் போட வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். போன கிழமை ஒரு அன்ரி தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தா. பயத்தில் காசு கட்டி இரண்டு அன்ரிவைரஸ் போட்டிருக்கிறா. இரண்டு காவற்காரரும் ஒருவனை ஒருவன் கள்ளன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கணினி நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் கழற்றினேன். “அப்ப எது தம்பி போடுறது?” என்று கேட்டா. “ஒண்டும் போடத் தேவையில்லை அன்ரி, அதோட வாறதே காணும்” என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. முன்பின் தெரியாத மனுசிக்கு உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொய் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மார்ச்சில் நான் எழுதியது பொய். வீட்டுக் கணினிக்கு அதோடு வருவது போதும். புதுப்பிக்கச் சொன்னால் புதுப்பித்து, முக்கியமானதற்கு வேறு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அது ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்று விட்டால் போதும். நான் இந்த மூன்றில் ஒன்றைச் செய்யாமல் விட்டேன், இன்னொன்றைக் கெடுத்தேன். பிரதி எடுக்க ஹார்ட் டிஸ்க் கொண்டுவருகிறேன் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொன்னேன். ஒவ்வொரு நத்தாருக்கும் வெறுங்கையோடு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

கெடுத்தது எது என்று சொல்கிறேன். தேவாலயத்துச் செய்திமடலை நீங்கள்தான் தட்டெழுதுகிறீர்கள். மன்னார்ச் சங்கக் கந்தோரில் வேலை செய்தபோது பழகின பழைய தமிழ் விசைப்பலகை இல்லாமல் உங்கள் விரல் ஓடாது. அதற்காக ஒருவனிடம் கெஞ்சி அந்தப் பழைய டைப்பிங் புரோகிராமை வாங்கி வந்தேன். களவுப் பிரதி. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. அன்ரிவைரஸ் அதைக் கண்டவுடன் சிவப்பில் எச்சரித்துத் தூக்கி எறிந்தது. எறிவதுதான் அதன் வேலை. அந்த நேரம் உங்களுக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கும். “சிவப்பா வரும் அக்கா, பயப்பிடாதேங்கோ. உள்ளுக்கப் போய் அனுமதி எண்டு குடுங்கோ, போயிடும்.”

ஆவணங்களில் தெரியாத புரோகிராம் கைவைக்காமல் தடுக்கிற காவல் ஒன்றும் அதற்குள்ளேயே உண்டு. அது இருந்தால் உங்கள் செய்திமடலைச் சேமிக்க விடாது. அதையும் நான்தான் நிறுத்தினேன்.

இனி நான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கிழமை சிவப்பு ஏதும் வந்ததா அக்கா?

கொட்பிறி

—

டன்டினோங்
1 ஜூன் 2025

அன்புள்ள தம்பி,

வந்தது.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று கிழமை போயிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், உனக்குச் சொல்ல முடியவில்லை. சாமியார் மன்னித்துவிட்டார், அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

டினேஷின் பதினெட்டாவது பிறந்தநாள் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை, வேலைக்குப் போக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதி உடுப்பைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் இருந்தேன். ஈமெயில் வந்திருந்தது. மேலே அரசாங்க முத்திரை. ‘உங்கள் விசா வழங்கப்பட்டுள்ளது, கடிதம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று இங்கிலீசில். என் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. அதைக் கண்டேன் தம்பி. சந்தேகப்படவில்லை, இன்னும் கூடுதலாக நம்பினேன். இந்த நாட்டில் எனக்கு வந்த எந்தக் கடிதத்தில்தான் என் பெயர் சரியாக இருந்தது?

கடிதத்தைத் திறந்தேன். மூலையில் சிவப்பாக வந்தது. கடிதம் காணாமல் போய்விட்டது. விசாவை வைரஸ் என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டதே என்று அந்த அன்ரிவைரஸுக்கு வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பேசினேன். உன் கொப்பியை எடுத்தேன். நீ சொல்லச் சொல்ல என் கையால் எழுதினது, ‘சிவப்பு வந்தால்: கேடயப் படம், வரலாறு, அனுமதி.’ அதன்படி செய்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி எறிந்தது. மறுபடி அனுமதி. மூன்று தரம் தடுத்தது, மூன்று தரமும் நான் விடவில்லை. இயேசுவை மூன்று தரம் மறுத்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. எனக்குக் கடிதம் திறந்தது, உள்ளே வெறும் வெள்ளை. வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்க எல்லாம் பூட்டுப்பட்டுக் கிடந்தது.

நீ பழக்கினபடியால்தான் அழுத்தினேன் என்று எழுதினால் எனக்கு இலேசாக இருக்கும். உனக்கும் அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. டைப்பிங் புரோகிராமுக்கு வரும் சிவப்பு எனக்குத் தெரியும், அதன் பெயர் தெரியும். இது அதில்லை என்று தெரிந்துதான் அழுத்தினேன். அந்தக் கணம் அந்தப் பெட்டிக்குள் நெருப்பு இருக்கிறது என்று நீயே வந்து கையைப் பிடித்திருந்தாலும் உன்னைத் தள்ளிவிட்டு அழுத்தியிருப்பேன். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடிதத்துக்குத்தானே ஒவ்வொரு நாளும் எழும்பினேன்.

பிறகு ஊரெல்லாம் ‘அதோட வாறது சரியில்லை’ என்று சொல்ல, நானும் தலையாட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வீட்டில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இப்போது நீ சொல்லு. நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

அக்கா,
அன்னமலர்

—

டூங்கபி
3 ஓகஸ்ட் 2025

அன்பின் அக்கா,

இரண்டு மாதம் எழுதாமல் விட்டேன். இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு நீங்கள் இனி எழுத வேண்டாம் என்று சொன்னால் அதுவும் சரிதான்.

அன்றைக்கு நான் திறந்தது அந்த ‘வரலாறு’ பக்கம். அன்ரிவைரஸ் தான் செய்ததையெல்லாம் அதில் எழுதி வைக்கும். அந்தச் செவ்வாய் காலை மூன்று தரம் ‘தடுக்கப்பட்டது’ என்று இருந்தது. மூன்று தரம் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இருந்தது. நீங்கள்தான் அழுத்தினீர்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்குக் கீழே உருட்டினேன். டைப்பிங் புரோகிராம், அனுமதி. டைப்பிங் புரோகிராம், அனுமதி. பக்கம் முழுக்க அதுதான். நான் உங்களுக்குப் பழக்கினது வரிசையாக நிற்கிறது. அந்தக் காவலை நிறுத்தினதும் அங்கேயே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன், நீங்கள் வாசலில் நின்றீர்கள். யாராவது இதைப் பார்க்க முதல் அழித்துவிட வேண்டும் என்ற ஒரே அவசரம் வந்தது. அக்காவின் மனம் நோகக் கூடாது, அதற்காகத்தான் என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டு கார் ஓட்டினேன். அல்பரியில் நிறுத்தினபோது அந்தப் பொய்யும் முடிந்துவிட்டது. கணினி திருத்துகிறவன் என்ற என் பெயரைக் காப்பாற்றத்தான் துடைத்தேன். உங்களுக்காக இல்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஜூனிலேயே எழுதியிருப்பேன்.

டூங்கபியில் மகேந்திரராஜா அங்கிள் என்று ஒருவர். அவருடைய கணினியும் போன வருடம் இதே கும்பலிடம் மாட்டினது, இதே பூட்டு. அவரிடமும் ஒன்றும் செய்யேலாது என்றுதான் சொன்னேன், துடைத்துத் தரவா என்றும் கேட்டேன். “வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்” என்று கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அவருக்குக் கணினி தெரியாது. அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை நடுவில் எங்கள் தொழில்காரர் வட்டத்தில் ஒரு செய்தி வந்தது. எங்கேயோ வெளிநாட்டில் பொலிஸ் அந்தக் கும்பலைப் பிடித்து, அவர்கள் பூட்டினதற்கு வைத்திருந்த திறப்புகளையெல்லாம் எடுத்து, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. அங்கிளைக் கூப்பிட்டேன். கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் முழுக்கத் திறந்துவிட்டது. அவருடைய மனைவியின் படங்கள், கலியாணம், எல்லாம். ஒன்று குறையவில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்து, “கடவுள் மாதிரி வந்தாய் தம்பி” என்றார். நான் கடையின் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

உங்கள் கணினியை நான் தொடாமல் விட்டிருந்தால், அக்கா, இன்றைக்கு டினேஷின் முன்பல் விழுந்த கிழமை உங்களிடம் இருந்திருக்கும். பூட்டினது அந்தக் கும்பல். பூட்டினதைத் திறக்கலாம். அழித்தது நான்.

மீட்டெடுக்க ஏதும் வழி இருக்கிறதா என்று பெரிய ஆட்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். இல்லை. நான் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்கிற துணிவு இல்லை. தெரிய வேண்டியது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதினேன்.

கொட்பிறி

—

டன்டினோங்
23 நவம்பர் 2025

கொட்பிறிக்கு,

உன் கடிதம் வந்து மூன்றரை மாதம். வாசித்த அன்று அல்பத்திலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். கிழிக்கப் போனேன். பிறகு, அழித்தால் வராது என்று நீயே எழுதியிருக்கிறாயே, அதனால் மேசை லாச்சிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. முயன்று பார்த்தேன். துணி மடிக்கும்போது யோசிப்பேன், சரி, மூன்று தரம் அழுத்தினது நான்தானே, இவனில் மட்டும் என்ன பிழை என்று. அடுத்த நிமிடம் மகேந்திரராஜா என்ற அந்த முகம் தெரியாத மனுசனின் அலுமாரி ஞாபகம் வரும், நெஞ்சு பற்றி எரியும். என் வீட்டிலும் அலுமாரி இருந்தது தம்பி. நீ ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்.

கல்யாணி அன்ரி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது உண்மையைச் சொன்னேன். “அது சரியாத்தான் தடுத்தது. நான்தான் கதவைத் திறந்து விட்டனான்” என்றேன். பிறகு அன்ரி சொன்னா, “விசா எண்டு வந்தா நானெண்டாலும் திறந்திருப்பன் பிள்ளை.” அன்றைக்குக் கழுத்து நோவு போய்விட்டது. நீ துடைத்த கணினியில் அந்தக் களவு டைப்பிங் புரோகிராமை மறுபடி போடவில்லை. புது விசைப்பலகை பழகுகிறேன். செய்திமடல் பிழையோடுதான் போகிறது, ஒருவரும் செத்துப் போகவில்லை.

டினேஷ் இப்போது ஞாயிறுகளில் பழைய கதை சொல்கிறான். நான் கேட்காமலே. விழுந்த முன்பல்லை நான் பார்க்க வேண்டும் என்று சித்தி பொத்தி வைத்திருந்தாவாம், திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டியபோது கை தவறிப் பல் கீழே விழுந்து கோழி கொத்திவிட்டதாம். அந்தப் பதிவை நான் நூறு தரம் பார்த்திருப்பேன், கோழி அதில் இல்லை. சிரித்தேன். பிறகு அழுதேன். அவன் சொல்வது பாதிதான் இருக்கும், மிச்சம் அவனுக்கும் மறந்துவிட்டது.

இனி, எழுத வந்த விஷயம்.

பன்னிரண்டாம் திகதி புதன்கிழமை ஒரு ஈமெயில் வந்திருக்கிறது. அதே முத்திரை. முடிவு இணைக்கப்பட்டுள்ளது என்று இருக்கிறது, என்ன முடிவு என்று இல்லை. இந்த முறை என் பெயர் சரியாக எழுதியிருக்கிறது. அதனாலேயே பயந்துபோனேன். குடிவரவுத் திணைக்களத்துக்குப் போன் எடுத்து, ஒரு மணித்தியாலம் அவர்கள் போடுகிற பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்து விசாரித்தேன். “ஓம், நாங்கள்தான் அனுப்பினோம், உள்ளே என்ன என்று போனில் சொல்ல முடியாது” என்றார்கள். கல்யாணி அன்ரியின் மகனும் வந்து பார்த்தான். கணினி தன்பாட்டில் சோதித்து எல்லாம் பச்சை என்கிறது. சிவப்பு எங்கேயும் இல்லை.

பதினொரு நாளாகிவிட்டது, என்னால் அழுத்த முடியவில்லை. விரலைக் கொண்டுபோவேன், எடுத்துவிடுவேன். “அமத்துங்கோ அம்மா” என்று டினேஷ் கத்துகிறான். அவனுக்கு என்ன தெரியும்? ஓம் என்று இருந்தால் நான் போய் அவனைக் கால்வரைக்கும் பார்ப்பேன். இல்லை என்று இருந்தால், அந்தப் பதிவுகளும் இல்லாத வீட்டில் அடுத்த ஞாயிறு எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் தனியே இருந்து பார்க்க என்னால் ஏலாது. அந்தப் படகில் வந்தவர்களில் எனக்கென்று இந்த நாட்டில் இருப்பது நீ ஒருவன்தான், உன்னை வேண்டாம் என்று விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

சனிக்கிழமை வா. அழுத்துவது நீ. நான் பக்கத்தில் இருப்பேன்.

குழம்பு வைத்திருப்பேன். முதலில் சாப்பிடுவோம், பிறகு திறப்போம். திறந்த பிறகு இரண்டு பேருக்கும் தொண்டைக்குள் இறங்குமோ தெரியாது.

அக்கா,
அன்னமலர்